எல்வுட் பெட்டிக்ரூ போட்ட ஊறல்

ஆல்டர் ரிவர் சிறையில் ஒரு கைதிக்கு நல்ல காலம் பிறந்தால் அது புள்ளிக் கணக்காகத்தான் பிறக்கும். அடிதடி செய்தால் புள்ளி ஏறும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் வருஷா வருஷம் இறங்கும். ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், இவனுக்கு நடுத்தரப் பாதுகாப்பெல்லாம் வீண் செலவு என்று முடிவுகட்டி, தெற்கே இலேசான காவல் உள்ள முகாமுக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். அங்கே வேலி பேருக்குத்தான். முகாமிலிருந்து வருகிறவன் என்றால் பரோல் போர்டும் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசும். உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் அந்த பஸ்மேல்தான் கண்.

எல்வுட் பெட்டிக்ரூவுக்கு அந்த பஸ் வேண்டாம்.

ஆலோசகர் கூப்பிட்டு அனுப்பியபோது அவர் இரண்டாம் பிளாக்கின் நடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே மார்ச் மாதப் பனி சேறாகிக் கிடந்ததால் எல்லார் பூட்ஸும் சேற்றைத்தான் உள்ளே கொண்டுவந்தன. துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைக்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் முட்டி இரண்டும் போய்விட்டது. துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்.

"புள்ளி கொறைஞ்சிருச்சு பெட்டிக்ரூ," என்றார் ஆலோசகர், சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே. "அடுத்த வாரம் விட்டு அதுக்கடுத்த வியாழக்கிழமை பஸ். இலையுதிர் காலத்துல போர்டு. ஒழுங்கா நடந்துக்கிட்டா அடுத்த வருசம் வசந்தத்துல வீடு. என்ன, மூஞ்சில சிரிப்பையே காணோம்?"

"சந்தோசம்தான் சார்," என்றார் எல்வுட். திரும்பிவந்து அதே நடையை முதலிலிருந்து துடைத்தார்.

விஷயம் இதுதான். அதே சிறையில் நாலாம் பிளாக்கில் அவருடைய மகன் இருந்தான்.

ஃப்ளின்ட் நகரத்தில் கார் தொழிற்சாலை மூடிய பிறகு எல்வுட் செய்யாத வேலை இல்லை, செய்து முடித்த வேலையும் இல்லை. குடித்துவிட்டு ஒருநாள் பெட்ரோல் பங்கில் துப்பாக்கியை நீட்டினார். கல்லாவில் இருந்தவன் தோளில் சுட்டுவிட்டார். அவன் பிழைத்தான்; அவனும் ஒரு பிள்ளை பெற்றவன் என்று நீதிமன்றத்தில்தான் தெரிந்தது. அன்றைக்கு எல்வுட்டின் மகன் ஜவாரிஸுக்கு நாலு வயது. மனைவி லொரெய்ன் சில வருஷம் பார்க்க வந்தாள். பிறகு வடக்கே அவ்வளவு தூரம் வர முடியவில்லை. பிறகு செத்துப் போனாள். மகன் வளர்ந்ததை எல்வுட் யார் யாரோ சொல்லக் கேட்டார். அவனும் போதை மருந்து விற்று எட்டு வருஷம் வாங்கிக்கொண்டதையும் அப்படித்தான் கேட்டார்.

அந்த எட்டு வருஷத்தில் ஏதோ ஒரு பஸ், ஏதோ ஒரு காலியிடம் அவனையும் ஆல்டர் ரிவருக்கே கொண்டுவந்து சேர்த்தது. போன அக்டோபரில் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு போய்க்கொண்டிருந்த ஒருவனின் நடையைப் பார்த்து எல்வுட் வரிசையை விட்டு வந்தார். லொரெய்னின் நடை. கிட்டே போய்ப் பெயரைச் சொன்னார். அவன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓ, நீயா? இன்னும் குட்டையா இருப்பேன்னு நெனச்சேன்," என்றான். அப்பா என்று கூப்பிடவில்லை. எல்லாரும் கூப்பிடுவதுபோலப் 'பெரிசு' என்றுதான் கூப்பிட்டான். எல்வுட்டும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்க என்ன யோக்கியதை?

சாயங்காலம் மைதானம் திறக்கும்போது இரண்டு பேரும் வேலியோரமாகச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். பேச்சு ஒன்றும் பெரிதாக இருக்காது. கூடைப்பந்தில் எந்த அணி தோற்றது, இன்றைக்குக் கோழியில் எலும்பு மட்டும்தான் இருந்தது, சலவைக்கூடத்தில் ஜவாரிஸின் மேஸ்திரி எவ்வளவு பெரிய முட்டாள். அவ்வளவுதான். ஒருநாள் எல்வுட்டின் முட்டி மடங்கியபோது அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தான். அன்றைக்கு ராத்திரி எல்வுட் போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இதை விட்டுவிட்டுப் போ என்றால் எப்படிப் போவார்?

மகனிடம் சொல்லவும் இல்லை. பஸ் தேதியை யாரிடமும் சொல்லாதது இங்கே வழக்கம். சொன்னால் வயிற்றெரிச்சல் பிடித்தவன் எவனாவது வம்புக்கு இழுத்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவான். அந்த வழக்கத்தின் பின்னால் எல்வுட் ஒளிந்துகொண்டார் என்பதுதான் நிஜம்.

அறைத்தோழன் பர்விஸிடம் மட்டும் சொல்லியாக வேண்டியிருந்தது. பர்விஸ் சாகினா என்ற ஊரைச் சேர்ந்த வெள்ளைக்காரன். தூக்கத்தில்கூட வாய் ஓயாது.

"பெரிய ரிப்போர்ட் ஒண்ணு எழுதிட்டாங்கன்னா புள்ளி ஏறிடும். பஸ் நின்னுடும்," என்றார் எல்வுட். "யாரையும் அடிக்க மாட்டேன். சாராய ஊறல் போடப் போறேன்."

பர்விஸ் மேல் படுக்கையிலிருந்து தலையைத் தொங்கவிட்டான். "ஊறலா? நீயா? இருவது வருசமா காப்பியத் தவிர ஒண்ணும் தொடாத ஆளு நீ. உனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா பெரிசு? ஆளாளுக்கு வெளிய போகக் குட்டிக்கரணம் அடிக்கிறான், நீ உள்ள இருக்க அடிக்கிற."

"அடிச்சா அடிச்சிட்டுப் போறேன்."

"அடி, நல்லா அடி. ஆனா ரெண்டு பேர் அறையில சரக்கு கெடச்சா ரெண்டு பேர் தலையும்தான் உருளும். என்னுதையும் சேத்து உருட்டாத."

"என்னுதுன்னு நானே முன்னாடி வந்து ஒத்துக்குவேன். போதுமா?"

காலைச் சாப்பாட்டு ஆரஞ்சுகளைச் சேர்த்தார். பர்விஸின் பங்கையும் கேட்டு வாங்கினார். ரொட்டித் துண்டு, சர்க்கரைப் பொட்டலங்கள், கொஞ்சம் வெந்நீர், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் பிசைந்து கட்டி, ஹீட்டருக்குப் பக்கத்தில் துணி மூட்டைக்குள் வைத்தார். ஒளிக்கத் தெரியாமல் இல்லை. ஒளிக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. மூன்றாம் நாள் பை பலூன் மாதிரி உப்பி, அறையே புளித்த தோசை மாவு வாடை அடித்தது.

சோதனைக்கு வந்தது கோஸ்கி. பத்து வருஷமாக அந்த பிளாக்கில் இருக்கும் காவலர் அம்மாள். துணி மூட்டையைத் தூக்கினார், பையைப் பார்த்தார், எல்வுட்டைப் பார்த்தார்.

"மேடம், அது என்னுது," என்றார் எல்வுட், முந்திக்கொண்டு.

கோஸ்கி பையைப் பாத்திரத் தொட்டிக்குக் கொண்டுபோய்க் கிழித்து ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டார். "பழம் கெட்டுப் போச்சு பெட்டிக்ரூ. அதையெல்லாம் சேத்து வெக்காதீங்க, எறும்பு வரும்," என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

பர்விஸ் தலையணையை வாயில் கடித்துக்கொண்டு சிரித்தான். "நல்லவன்னு பேர் எடுத்தா இப்படித்தான். அனுபவி!"

மறுநாள் எல்வுட் ஹெய்க்கினன் என்ற காவலரிடம் முயன்றார். ஹெய்க்கினன் அந்த வட்டாரத்து ஆள், மாமிசக் கொழுக்கட்டையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து மேஜையிலேயே வைத்துத் தின்கிறவர். ஓய்வு பெற ஒரு வருஷம்தான். எல்வுட் நாலு பேர் பார்க்க அவர் முன்னால் போய் நின்று, "உன் மூஞ்சி ஒரு மூஞ்சியா? ஒனக்கெல்லாம் சாவி குடுத்தான் பாரு, அவனச் சொல்லணும்!" என்று கத்தினார். இருபது வருஷத்தில் அவர் கத்தியதே இல்லை. பாதியில் குரல் உடைந்து இருமல் வந்துவிட்டது.

ஹெய்க்கினன் கொழுக்கட்டையைக் கீழே வைத்தார். "சர்க்கர ஏறிடுச்சா பெட்டிக்ரூ? ஒக்காருங்க. நர்ஸக் கூப்பிடவா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நான் உங்களத் திட்டுறேன்!"

"திட்டுங்க, திட்டுங்க. என் பொண்டாட்டி இதவிட நல்லாத் திட்டுவா." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். எல்வுட் அதையும் வாங்கிக் குடித்தார், வேறென்ன செய்வார்?

பஸ்ஸுக்கு நாலு நாள் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோஸ்கி விடுப்பில் போனார். வேறு பிளாக்கிலிருந்து ஒரு காவலரை இழுத்துப் போட்டிருந்தார்கள். அவருக்கு எல்வுட்டைத் தெரியாது. இரட்டை ஷிப்ட்டில் கண் சிவந்திருந்தது. எல்வுட்டின் இரண்டாவது பை அதற்குள் தயாராகியிருந்தது. காவலர் அறைக்குள் கால் வைத்ததும் மூக்கைச் சுளித்தார், பையை எடுத்தார், "யாருது?" என்றார்.

"என்னுது சார். நானே போட்டேன். இவருக்குச் சம்பந்தமில்ல."

மத்தியானத்துக்குள் ரிப்போர்ட் எழுதி, சார்ஜென்ட் கையெழுத்தும் போட்டு, எல்வுட்டுக்கு ஒரு பிரதியும் வந்துவிட்டது. போதைப் பொருள் தயாரித்தல், பெரிய குற்றம். விசாரணை முடியும்வரை மைதானத்துக்குப் போகத் தடை இல்லை. எல்வுட் அன்றைக்கு முகச் சவரம் செய்துகொண்டார். மனசு லேசாக இருந்தது. இத்தனை வருஷத்தில் தானாக நினைத்து, தானாகச் செய்து, நினைத்தபடி முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

சாயங்காலம் ஜவாரிஸ் முன்கூட்டியே வந்து வேலியோரம் நின்றிருந்தான்.

"உனக்கு ஒரு சேதி வெச்சிருக்கேன்," என்றார் எல்வுட்.

"நானும் வெச்சிருக்கேன். நான் மொதல்ல." அவன் நடக்க ஆரம்பித்தான். "வியாழக்கெழம நீ பஸ் ஏறுற. எனக்குத் தெரியும். சலவைக்கு உன் துணியெல்லாம் திருப்பி எடுக்கச் சொல்லிச் சீட்டு வந்துருச்சு. நீ வாயத் தெறப்பேன்னு பாத்தேன். தெறக்கல. ஒரு வாரம் செம கோவம். அப்புறம் நெனச்சேன், சரி, பெரிசுக்குச் சொல்ல வரல போல."

"ஜவாரிஸ், அது வந்து..."

"இரு, முடிச்சிர்றேன். இன்னிக்கு ஒடெஸ்ஸா பெரியம்மாகிட்ட பேசுனேன். நைலா அவங்ககிட்டத்தான இருக்கா." நைலா அவன் மகள், ஆறு வயது. அவளுடைய அம்மா எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது. "பெரியம்மாவுக்கு இடுப்பு போயிருச்சு. இனிமே என்னால புள்ளய வெச்சுப் பாக்க முடியாது, கோடையோட அரசாங்கத்துகிட்ட ஒப்படைச்சிர்றேன்னு அழுதாங்க. நான் சொன்னேன், பெரியம்மா, பெரிசு முகாமுக்குப் போறாரு, அடுத்த வருசம் வசந்தத்துல வெளிய வர்றாரு. உங்க வீட்டுலயே தங்குவாரு. புள்ளய ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவாரு, கூட்டிட்டு வருவாரு. அதுவரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருங்கன்னேன். ஆம்பள ஒருத்தன் வீட்டுல இருந்தா நான் வெச்சுக்கிறேன்னு ஒத்துக்கிட்டாங்க." அவன் நின்று திரும்பினான். "உன்னைக் கேக்காமச் சொல்லிட்டேன். செய்வியா?"

ஐந்து மாதமாக ஜவாரிஸ் எல்வுட்டிடம் ஒன்றும் கேட்டதில்லை, ஒரு காப்பிப் பொட்டலம்கூட.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி போகுது?"

"நான் போகல," என்றார் எல்வுட்.

"என்ன போகல?"

"பஸ்ஸு. இன்னிக்கு ரிப்போர்ட் எழுதிட்டாங்க. அறையில ஊறல் இருந்துச்சு. நான்தான் போட்டேன். மாட்டணும்னே போட்டேன். உன்கூட... இங்கயே இருந்துரலாம்னு."

ஜவாரிஸ் இரண்டடி முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்தான். பின்னால் யாரோ பந்தைத் தட்டும் சத்தம் கேட்டது.

"நான் இருக்கச் சொன்னேனா?"

"இல்ல."

"என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"இல்ல."

"அன்னிக்குத் துப்பாக்கிய எடுத்துக்கிட்டுப் போனப்பயும் நீ யாரையும் கேக்கல." அவன் குரலை உயர்த்தவே இல்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எல்வுட்டுக்கு. அவன் திரும்பி நாலாம் பிளாக்கைப் பார்த்து நடந்தான். மைதானம் மூட இன்னும் நேரம் இருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் எல்வுட் கோஸ்கியின் மேஜைமுன் நின்றார். ரிப்போர்ட் எழுதச் சொல்லி இரண்டு வாரம் ஆட்டம் போட்ட மனிதர், இப்போது அதைக் கிழிக்கச் சொல்லிக் கெஞ்சினார்.

"கிழிக்க முடியாது பெட்டிக்ரூ. சார்ஜென்ட் கையெழுத்துப் போட்டாச்சு, கம்ப்யூட்டர்ல ஏறியாச்சு," என்றார் கோஸ்கி. "அந்தப் பை உங்களுதுன்னு தெரிஞ்சுதான் நான் கொட்டினேன். அப்புறம் எதுக்கு மறுபடி?"

எல்வுட் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், நைலா வரைக்கும். கோஸ்கி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கடவுளே! இங்கயே இருக்கணும்னா ஒரு மனு குடுத்திருக்கலாமே. மகன் இருக்கான், கொஞ்ச நாள் வெச்சிருங்கன்னு. ரெண்டு பேருக்கு அப்படிக் குடுத்தத நானே பாத்திருக்கேன். கேட்டிருக்கலாமே மனுஷா!"

கேட்கலாம் என்பதே எல்வுட்டுக்குத் தோன்றவில்லை. எழுந்திரு என்றால் எழுந்து, நில் என்றால் நின்று, ஆளெண்ணும்போது உடம்பைக் காட்டிப் பழகியவர். கேட்டால் கிடைக்கும் என்கிற இடம் மனசில் எப்போதோ தூர்ந்துபோய்விட்டது. அவரைச் சொல்லி என்ன, உள்ளே கிடந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"பையை நீங்கதான் வெச்சீங்களா?"

"ஆமா சார். ஆனா குடிக்க இல்ல. மாட்டணும்னுதான் வெச்சேன்."

"மாட்டணும்னு?"

"பஸ்ஸுல போகக் கூடாதுன்னு. இப்ப போகணும் சார். எனக்கு ஒரு பேத்தி இருக்கா."

அதிகாரி அவரைப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அன்றைக்கு மட்டும் அவர் முன்னால் இன்னும் எத்தனையோ கதைகள் வரிசையில் காத்திருந்தன. 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று எழுதினார். மைதானத்துக்கு ஒரு வாரம் தடை. புள்ளி ஏறியது. போர்டு அடுத்த வருஷ இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போகும் என்று ஆலோசகர் விதையைக் கொறித்துக்கொண்டே சொன்னார். "நீயா இப்படிப் பண்ணின பெட்டிக்ரூ?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார்.

வியாழக்கிழமை பஸ் போயிற்று. அவருடைய இடத்தில் வேறொருவன் போனான். பர்விஸ் அன்றைக்கு ஒரு நையாண்டியும் பேசவில்லை. சாயங்காலம் நூடுல்ஸை வெந்நீரில் ஊறப்போட்டு, சிப்ஸை நொறுக்கிப் போட்டு, பாதியை எல்வுட்டின் பக்கம் தள்ளினான். "தின்னு பெரிசு. அழுதாலும் வயிறு கேக்கும்," என்றான். எல்வுட் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆறும்வரை உட்கார்ந்திருந்தார்.

தடை முடிந்து மைதானத்துக்குப் போனபோது ஜவாரிஸ் எதிர்ப்பக்க வேலியோரம் வேறு ஆட்களோடு நடந்துகொண்டிருந்தான். எல்வுட் இந்தப் பக்கம் திரும்பினால் அவன் அந்தப் பக்கம் திரும்பினான். யாருக்காக எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டாரோ அவனைத் தினமும் பார்க்கத்தான் முடிந்தது. சாப்பாட்டுக் கூடத்திலும் அப்படியே. எல்வுட் தள்ளி உட்கார்ந்து, அவன் தட்டில் என்ன மிச்சம் வைக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கக் கிடைத்ததே என்று சந்தோஷப்படவும் அவரால் முடியவில்லை, அந்தக் குழந்தையின் கணக்கில் அல்லவா அது கிடைத்தது.

பனி முழுக்கக் கரைந்த பிறகு ஒரு சனிக்கிழமை மைதானத்துச் சுவரில் உள்ள டெலிபோன்கள் பக்கம் எல்வுட் போய்க்கொண்டிருந்தார். "பெரிசு!" என்று குரல் கேட்டது. ஜவாரிஸ்தான். காதில் ரிசீவர்.

"இங்க வா."

எல்வுட் முட்டி வலியை மறந்து நடந்தார்.

"நைலா லைன்ல இருக்கா. அந்த வசந்தம் இல்ல, அதுக்கடுத்த வசந்தம்னு பெரியம்மாகிட்ட சொல்லிட்டேன். கோடை வரைக்கும்தான் வெச்சுக்குவேன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. இவகிட்ட இன்னும் சொல்லல. என் வாயால சொல்ல மாட்டேன்." ரிசீவரை நீட்டினான். "நீயே சொல்லு."

அந்தக் குரலை எல்வுட் அதுவரை கேட்டதே இல்லை.

"தாத்தாவா?" என்றது. மூச்சு வாங்கியது, எங்கிருந்தோ ஓடிவந்திருக்க வேண்டும். "தாத்தா, உங்களுக்கு சோஃபா. நான் படுத்துப் பாத்தேன். எனக்குப் பெருசா இருக்கு, உங்களுக்குச் சரியா இருக்கும். எங்க ஸ்கூல் கேட்டு செவப்புக் கலரு. வேற கேட்டுகிட்ட நின்னுடாதீங்க, அது பெரிய பசங்களுது."

"சரிம்மா," என்றார் எல்வுட். பிறகுதான் சரி என்று சொல்லக் கூடாது என்று நினைவு வந்தது. "கண்ணு, இங்க பாரு. தாத்தாவால சொன்னபடி வர முடியல."

"அப்ப எப்ப வருவீங்க?"

"ரொம்ப நாள் ஆகும்."

"ஏன்?"

ஜவாரிஸ் பக்கத்திலேயே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எல்வுட் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா. உங்கப்பாவ விட்டுட்டுப் போக மனசு வரல. அதுக்காக ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

அந்தப் பக்கம் டெலிவிஷன் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

"என்னைய விட்டுட்டுப் போக மட்டும் எல்லாருக்கும் மனசு வருது," என்றாள் நைலா.

எல்வுட் ரிசீவரை மகன் பக்கம் நீட்டினார். அவனுக்கும் கேட்டிருந்தது, முகம் கோணிப்போயிருந்தது. அவன் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"வெச்சிராத," என்றான். "ஏதாவது பேசு. பேசிக்கிட்டே இரு."

எல்வுட் ரிசீவரை மறுபடி காதில் வைத்து, அந்தச் சிவப்பு கேட் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டார்.